ஓடாத பழைய ஆப்பிள் வாட்ச் கைக்கு வந்தால்

ஆப்பிள் வாட்ச் என்றதும் தொட்டால் ஒளிரும் சதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது அதற்கு மிகவும் முந்தியது. மூன்று முள், கறுப்பு டயல், பன்னிரண்டுக்குக் கீழே ஆறு நிறத்தில் ஒரு கடித்த ஆப்பிள். அவ்வளவுதான். தொப்பியும் காப்பிக் கோப்பையும் கொடுத்த மாதிரி கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒரு காலத்தில் தங்கள் சின்னம் போட்ட வாட்சும் கொடுத்தன. ஆப்பிள் 1986-இல் சட்டை, பை என்று வெளியிட்ட விற்பனைப் பட்டியலிலேயே வாட்ச் உண்டு. 1995-இல் மாக் கம்ப்யூட்டரின் இயங்குதளமான சிஸ்டம் 7.5-க்கு மாறுகிறவர்களுக்கு இலவசமாக ஒன்று கொடுத்தார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடுவதில் அதுவும் ஒன்று.

என்னுடையது 2013 கோடையில் கிடைத்தது. கலிபோர்னியாவின் கூப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரியின் கார் நிறுத்தும் இடத்தில், அப்போதெல்லாம் மாதத்தின் முதல் சனிக்கிழமை பழைய பொருள் சந்தை கூடும். ஒரு பெரியவர் போர்வையை விரித்துப் பழைய கீபோர்டுகளுக்கு நடுவில் இதை வைத்திருந்தார். ஓடவில்லை. இருபத்தைந்து டாலர். வேலையில் இருந்தபோது கிடைத்தது என்றார். மறு வருடம் செப்டம்பர் 9-ஆம் தேதி அதே கல்லூரி வளாகத்தின் ஃபிளின்ட் சென்டர் அரங்கில்தான் டிம் குக் புது ஆப்பிள் வாட்சை அறிவித்தார். 1984-இல் முதல் மாக்கின்டாஷை மேடையேற்றிய அரங்கும் அதுவே. அன்றைக்கு என் வாட்ச் மேசை டிராயரில் கிடந்தது, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தோடு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் முப்பது வருடம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எச்எம்டி சாவி வாட்சில் தொழில் படித்து, ஓசூரிலிருந்து டைட்டன் வரத் தொடங்கியதும் செல்லில் ஓடும் குவார்ட்ஸுக்கு மாறியவர். இதில் நான் எழுதும் நல்ல யோசனைகள் அவருடையவை. தவறுகள் என்னுடையவை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். என் பெரியவர் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனால் அட்டைப் பெட்டியோ, கூட வந்த சீட்டோ, தபால் உறையோ இல்லாவிட்டால் கதை வெறும் கதைதான். வாட்சையே பேச வைக்க வேண்டும்.

முதலில் சின்னம். வடிவமைப்பாளர் ராப் ஜானோஃப் வரைந்த வானவில் ஆப்பிள் 1977-இல் வந்தது. 1998 வாக்கில் ஒற்றை நிற ஆப்பிள் அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே வெள்ளி நிற ஆப்பிளைப் போட்டுவிட்டு, எண்பதுகளின் வாட்ச் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். வானவில் என்று பெயரே தவிர, நிற வரிசை நாம் பள்ளியில் படித்த வானவில் வரிசை அல்ல. மேலிருந்து கீழே: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம். இலை பச்சை என்பதால் பச்சை மேலே போயிற்று. போலி அடிப்பவர்கள் இங்கேதான் அடிக்கடி வழுக்குகிறார்கள். அழகாக, முறையாக, சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடித்துவிடுவார்கள். கடித்த பக்கம் வலது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்து. 1984 முதல் ஏறக்குறைய 2002 வரை ஆப்பிள் பயன்படுத்தியது காரமாண்ட் எழுத்துருவின் ஒடுங்கிய வடிவம். எழுத்துகளின் முனையில் சிறு கால்கள் இருக்கும். கால் இல்லாத மொட்டை எழுத்தில் கம்பெனி பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். மாக் ஓஎஸ் என்ற பெயரும், பக்கவாட்டு முகமும் நேர்முகமும் சேர்ந்த அந்தச் சிரிக்கும் சின்னமும் தொண்ணூறுகளின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதைப் போட்டு 1984 என்று சொன்னால் அது நடக்காத காரியம்.

பிறகு டயலை லென்ஸில் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, கெட்டியான மையாக, ஓரம் கூர்மையாக நிற்கிறதா? அல்லது பத்திரிகைப் படம் மாதிரி பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிகிறதா? புள்ளி தெரிந்தால், யாரோ வீட்டுப் பிரிண்டரில் அடித்த காகிதத்தை வெற்று வாட்சில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இணையத்தில் வாங்குவதாக இருந்தால் டயலின் கிட்டப் படம் கேளுங்கள். இந்த ஒரு படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். நான் இரண்டு முறை இப்படித் தப்பித்தேன்.

பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்றோ ஜப்பான் மூவ்மென்ட் என்றோ பொறித்திருந்தால் ஏமாற்றம் வேண்டாம். விளம்பர வாட்ச் என்றால் அப்படித்தான். உள்ளே இருப்பது மலிவான ஜப்பானிய மெஷினாகவே இருக்கும். இதன் மதிப்பு மெஷினில் இல்லை, டயலில் இருக்கிறது. அடுத்து வருவது முழுவதும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான்: மெஷினை மாற்றலாம், டயலை மாற்ற முடியாது.

திறப்பதற்கு முன்

சந்தையிலிருந்து வந்த அன்றே ஸ்கைப்பில் அப்பாவைக் கூப்பிட்டேன். இங்கே இரவு ஒன்பது, அங்கே மறுநாள் காலை ஒன்பதரை. சமையலறைக் கத்தியை எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அதக் கீழ வை. மொதல்ல பாரு. பாத்துட்டுத்தான் தொறக்கணும்."

"செல்லுதானப்பா மாத்தணும்?"

"செல்லு தீந்துதான் நின்னுச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா? சாவிய அமுக்கிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. நேரம் திருத்துவதற்காகச் சாவியை இழுத்து வைத்தபடியே விட்டுவிட்டால் வாட்ச் ஓடாது. கடைக்கு வரும் வாட்சுகளில் சில இப்படியே சரியாகி, காசு வாங்காமல் திரும்பிப் போயிருக்கின்றனவாம். என்னுடையதில் சாவி உள்ளேதான் இருந்தது. ஆனாலும் கேட்டது நல்லதாயிற்று.

தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பழைய கீறல்களும் தெரிய வேண்டும். பிறகு ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். கூட வந்த தோல் ஸ்ட்ராப்பும், அதன் பக்கிளில் சின்னம் இருந்தால் அதுவும், பாதி வாட்ச் மாதிரி. தோல் வெடித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். காகித உறையில் போட்டு வையுங்கள். கையில் கட்ட ஆசையிருந்தால் அதே அகலத்தில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மேசையில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரியுங்கள். விழும் திருகு உருண்டு ஓடாது, கண்ணுக்கும் தெரியும். வேண்டிய சாமான்கள்: பின்மூடி திறக்கும் மழுங்கல் கத்தி, பிளாஸ்டிக் ட்வீசர், தூசி ஊதும் ரப்பர் பந்து, லென்ஸ், கொஞ்சம் மறைப்பு டேப், முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசுதான்.

செல் மாற்றுதல்

பின்மூடி மூன்று வகை. விளிம்பில் திறவுகோல் வைக்கக் குழிகள் இருந்தால் அது மறையோடு சுழல்வது. நான்கு பொடித் திருகு இருந்தால் திருகு மூடி. ஒன்றும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அமுக்கு மூடி. விளம்பர வாட்சுகளில் பெரும்பாலும் அமுக்கு மூடிதான். லென்ஸ் வைத்து விளிம்பைச் சுற்றி வாருங்கள். ஓர் இடத்தில் சிறு உதடு மாதிரி தூக்கியிருக்கும், அல்லது நகம் நுழையும் பள்ளம் இருக்கும். கத்தி அங்கே மட்டும்தான் போக வேண்டும்.

பள்ளத்தின் இரு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வாட்சைத் துண்டோடு சேர்த்து இடது கையில் பிடியுங்கள். கட்டைவிரலைக் கத்தி போகும் திசையில் வைக்க வேண்டாம். நெம்பாதீர்கள். நுனியை உள்ளே நுழைத்து மெல்லத் திருகுங்கள். டக்கென்று ஒரு சத்தம் வரும். நான் டேப் ஒட்டாமல் செய்தேன். மூடியின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் இன்றும் இருக்கிறது. படத்தில் அது முதலில் இல்லை, பிறகு இருக்கிறது. என் கைவண்ணம் என்பதற்குச் சாட்சி.

திறந்ததும் அடுத்த காரியத்துக்குப் போகாதீர்கள். உள்ளே செல், அதைப் பிடித்திருக்கும் தகடு, ஓரமாகச் செம்பு நிறத்தில் ஒரு சுருள். அந்தக் காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ட்வீசர் நுனி ஒருமுறை உரசினால் போதும், வாட்ச் முடிந்தது. அப்பா கடையில் கற்றுக்கொண்ட பையன்களுக்கு முதல் வாரம் வேலையே, காயில் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுச் செல்லை எடுப்பதுதான்.

மெஷின் எண்ணையும் செல் எண்ணையும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகை வாட்சுகளில் அடிக்கடி பார்ப்பது மியோட்டா 2035. சிட்டிசன் கம்பெனியுடையது. எச்எம்டி 1960களில் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்ததும் இதே சிட்டிசன்தான். "அப்ப நமக்குச் சொந்தக்காரன்தான்" என்றார் அப்பா. 2035-க்கு வேண்டியது 377 என்ற செல். எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்றும் போட்டிருக்கும், இரண்டும் ஒன்றே: 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 உயரம். 364 அதே அகலம், உயரம் 2.1 மட்டும். அகலத்தைப் பார்த்து வாங்கினால் மாறிப்போகும். நினைவை நம்பாமல் பழைய செல்லில் உள்ள எண்ணையே வாங்குங்கள். முன்னால் திறந்தவர் தவறான செல் போட்டிருக்கவும் கூடும் என்பதால் மெஷின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

இனி அந்த முட்டாள்தனம். கடையில் எல்ஆர்626 என்று ஒரு செல் பத்துக்கு இரண்டு டாலர் என்று தொங்கியது. அளவு ஒன்றே. வாங்கிப் போட்டேன். ஓடியது. ஒரு வாரம் கட்டினேன், பிறகு டிராயரில் வைத்து மறந்துவிட்டேன். எஸ்ஆர் என்பது சில்வர் ஆக்சைடு: 1.55 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். எல்ஆர் என்பது ஆல்கலைன்: மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும், தீர்ந்தபின் கசியும் பழக்கமும் அதற்கு அதிகம். இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது செல்லைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வெளையாட்டுச் சாமானுக்குப் போடுற செல்ல வாங்கிருக்க" என்றார்.

உங்களுக்கும் அப்படிப் பூத்திருந்தால்: செல்லைப் பிளாஸ்டிக் ட்வீசரால் எடுங்கள். பல் குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி வெள்ளை வினிகரில் தொட்டு, சொட்டாதபடி ஒற்றிவிட்டு, உப்புள்ள தகட்டில் மட்டும் வையுங்கள். கசிவது காரம், வினிகர் அமிலம், ஆகவே மெல்ல நுரைத்து இளகும். துடைத்துவிட்டு, இன்னொரு குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு வினிகரை எடுங்கள். காயில் பக்கம் எதுவும் போகக் கூடாது. ஆல்கஹாலை டயலின் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அச்சு மை கரைந்துவிடும். எனக்கு இரண்டு மாலை பிடித்தது. அதிர்ஷ்டம், காயில் தப்பித்திருந்தது.

புது செல்லை விரலால் பிடிக்காமல் ட்வீசரால் பிடியுங்கள். உலோக ட்வீசர் வேண்டாம், இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டு ஷார்ட் ஆகும். மல்டிமீட்டர் இருந்தால் 1.55-க்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தகட்டை மேலே தூக்காமல் பக்கவாட்டில் தள்ளிச் செல்லை உட்கார வையுங்கள். மூடுமுன் வாட்சைத் திருப்பி விநாடி முள்ளைப் பாருங்கள். ஒரு விநாடிக்கு ஒரு தாவல் தாவ வேண்டும். உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று. கம்ப்யூட்டர் ஆட்களுக்கு இரண்டின் அடுக்கு என்றால் பிரியம். அவர்கள் கொடுத்த வாட்சிலும் அது ஒளிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

மூடுவதில்தான் அதிகம் உடையும். மூடியின் உள்விளிம்பில் சாவித் தண்டுக்கு ஒரு வெட்டு இருக்கும். அது சாவிக்கு நேராக வர வேண்டும். ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குங்கள். போகவில்லையா? அழுத்தும் கருவி வாங்கலாம். ஆனால் கண்ணாடிப் பக்கம் வைக்கும் அச்சு கண்ணாடியைத் தொடாமல், சுற்றியுள்ள வளையத்தின் மேல் மட்டும் அமர வேண்டும். சிறிய அச்சை வைத்து அமுக்கி நான் ஒரு தோழியின் வாட்ச் கண்ணாடியை விரிசல் விட வைத்தேன். நல்ல வேளை, அது சாதாரண வாட்ச்.

செல் மாற்றியும் ஓடாவிட்டால்

பக்கத்தில் காந்தம் இருக்கிறதா பாருங்கள். போன் உறையின் காந்தமே முள்ளை நிறுத்திவிடும், விலக்கினால் ஓடும். அதுவும் இல்லை என்றால் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, காயிலின் இரு முனைப் புள்ளிகளிலும் மெல்லத் தொடுங்கள். ஒன்றிரண்டு ஆயிரம் ஓம் காட்டினால் கம்பி நன்றாக இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் அழுக்கு அல்லது காய்ந்த எண்ணெய். எதுவும் காட்டாமல் திறந்தே நின்றால் கம்பி அறுந்துவிட்டது.

இதற்கு மேல் வீட்டில் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. புது மெஷின் மலிவு, 2035 எங்கும் கிடைக்கும். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் முட்களைக் கழற்றி டயலைத் தூக்க வேண்டும். முள் தூக்கும் கருவி ஒருமுறை நழுவினால் அந்த ஆறு நிறத்தின் மேல் கோடு விழும். நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்றே விஷயம் சொல்லுங்கள்: டயலைத் துடைக்க வேண்டாம், வெளிக்கூடான கேஸைப் பாலிஷ் போட வேண்டாம், பழைய மெஷினைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை. பின்னால் விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

துடைப்பதும் வைப்பதும்

கேஸைப் பளபளக்க வைக்கும் ஆசையை அடக்குங்கள். முலாம் மிக மெல்லியது, நிறம் ஏற்றிய உலோகமாக இருந்தால் நிறமே போய்விடும். உலர்ந்த மென்மையான டூத்பிரஷ்ஷால் ஓர அழுக்கைத் தட்டினால் போதும். கண்ணாடியில் கீறல் இருந்தால் அது பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம், தொட்டால் குளிராது என்றால் பிளாஸ்டிக். அதற்கு மட்டும் வெள்ளைப் பற்பசையைத் துளி தொட்டுப் பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்க்கலாம். மினரல் கண்ணாடியில் எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். தண்ணீர்ப் பக்கம் இதைக் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம். பழைய ரப்பர் வளையத்தை யாரும் நம்ப முடியாது.

கட்டாமல் வைப்பதென்றால் செல்லை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்டு போடாதீர்கள், இரண்டும் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். காகிதப் பெட்டி, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

அப்பா கடையில் எந்த வாட்சைத் திறந்தாலும் மூடியின் உள்பக்கம் ஊசியால் தேதியும் ஓர் அடையாளமும் கீறுவார். திரும்பி வந்தால் எப்போது செல் போட்டது என்று தெரியும். மூன்று வருடம் முன்பு இங்கே வந்திருந்தபோது இந்த வாட்சைக் கையில் கொடுத்து, கீறுங்கப்பா என்றேன். லென்ஸை மாட்டி உள்ளே பார்த்தார். முன்னால் திறந்தவர் யாரும் கீறியிருக்கவில்லை.

"இதுல வேண்டாம்ட்டி. தாள் கொண்டா."

பெட்டிக்குள் இப்போது ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. பென்சிலில் அவர் கையெழுத்து: 377, தேதி, அதன் கீழே "கீறல் மகளோடது".